ஏழு மாதக் குழந்தை

எங்கள் குடியிருப்பில் இப்போதெல்லாம் பெண் பார்க்க வருபவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் பிரசவம் எத்தனையாவது மாதத்தில் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்த ரிப்போர்ட்டைத்தான் கேட்கிறார்கள். என் பக்கத்து வீட்டு யாழினிக்கு அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவதாக கணவரோடும் மகன் நிகிலனோடும் வந்த எதிர்வீட்டுக் கோமளவல்லியும் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுப் பஜ்ஜித் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“ஏழு மாசத்துலயே பிரசவம் ஆகிடும்னு போட்டிருக்கே. குறைமாசமெல்லாம் எங்க குடும்பத்துக்குச் சரிப்படாதும்மா.”

“ஏன்க்கா, உங்களுக்குக் கல்யாணமாகி ஏழாம் மாசமே நிகிலன் பிறந்தாரே? குறைமாசப் பிள்ளைன்னு நீங்கதானே தெருவெல்லாம் சொன்னீங்க?” என்றாள் யாழினியின் அம்மா.

பிறந்த அன்றே அவன் நாலு கிலோ இருந்ததை நானே பார்த்தேன். நிகிலனின் அப்பா இருமினார். கோமளவல்லி எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பஜ்ஜி நல்லாருக்கு. தை மாசத்துல நாள் பார்த்துடலாமா?”