ஜோடிப் பயிற்சி

கேள்வி கேட்டாயிற்று. இனி இவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எதிரே நவநீதம் நின்றாள். வலது கையில் கேள்வி அட்டை. இடது கை கம்பெனிக் கோட்டின் பைக்குள் கிடந்தது.

உங்கள் பிரிவில் யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?

இங்கிலீஷில்தான் கேட்டாள். தட்டுத் தடுமாறாமல் கேட்டாள்.

ஷூ கம்பெனியின் சாப்பாட்டுக் கூடம் அது. ஷிப்ட் முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டுப் பெண்களை உட்கார வைப்பார்கள். டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து ஜெசிந்தா மேடம் வந்து இங்கிலீஷ் சொல்லித் தருவாள். சாம்பார் வாசனையும் தோல் வாசனையும் கலந்து அடிக்கும்.

முதலில் எல்லாம் லேசாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டில் எத்தனை பேர். இன்று வெயிலா, மழையா. காலையில் என்ன சாப்பிட்டீர்கள்.

பழைய சோற்றுக்கு இங்கிலீஷில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. புத்தகத்தில் ரொட்டியும் ஜாமும் இருந்தது. எல்லோரும் ரொட்டியும் ஜாமும் தின்றார்கள்.

இந்த வாரம் பாடம் மாறியது. குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா. கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா. யாருக்காவது அடிபட்டிருக்கிறதா.

நாளைக்கு ஷூ வாங்குகிற வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். போகிற போக்கில் யாரையாவது நிறுத்திக் கேட்பார்களாம். வாய் தடுக்காத ஒருத்தியை முன்னால் நிறுத்தி வைக்க வேண்டும். அப்படி நிற்கிறவளுக்கு அப்புறம் செக்கிங் மேஜை. மேனேஜரே சொன்னார்.

செக்கிங் மேஜையில் ஸ்டூல் உண்டு. தலைக்கு மேலே ஃபேன் உண்டு. கையை எங்கேயும் விட வேண்டாம்.

இவளுக்கு அது வேண்டும். நவநீதத்துக்கு அடிபட்ட நாளிலிருந்து தோல் வெட்டும் பிரஸ்ஸில் ஒவ்வொரு தடவை கையை நீட்டும்போதும் கண் மேலே இருக்கிற இரும்புக்கே போகிறது. மேலிருந்து இரும்பு இறங்குவதற்குள் கையை இழுத்துவிட வேண்டும். நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நவநீதத்தின் மிஷின் பக்கத்து மிஷின். ஆள்காட்டி விரல், நடுக்கணுவோடு போயிற்று. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போனால் விபத்தென்று எழுதிவைப்பார்கள் என்று, கம்பெனிக்குத் தெரிந்த டாக்டரிடம் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். வேனில் மடியில் சாய்த்துக்கொண்டு போனவள் இவள்தான். அதற்கப்புறம் நவநீதம் துடைப்பம் பிடிக்கிறாள். எப்போது வேலையை விட்டு நிறுத்துவார்களோ என்று பிடிக்கிறாள்.

பதில் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்த பதில்தான்.

மேனேஜர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவளுக்கு நவநீதத்தின் கோட்டுப் பையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"இன்னாடி, நாக்கு மேல பிரஸ் வுழுந்துட்டுதா?"

கூடமே சிரித்தது. நவநீதமும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், இவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சொல்லுடி. பாடந்தானே."

சொன்னாள். நோ. நோபடி காட் ஹர்ட்.

தப்பில்லாமல்தான் சொன்னாள். ஆனால் குரல் மேஜையைத் தாண்டவில்லை. மேனேஜர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

மேடம் கையைத் தட்டினாள். மாற்றிக்கொள்ளுங்கள் என்றாள். ஜோடிப் பயிற்சியில் அதுதான் வழக்கம். கேட்டவள் பதில் சொல்ல வேண்டும். சொன்னவள் கேட்க வேண்டும்.

அட்டை இவள் கைக்கு வந்தது.

முகத்தைப் பார்க்காமல், அட்டையைப் பார்த்தே கேட்டாள். யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?

நவநீதம் யோசிக்கவில்லை. இவளைப் பார்த்தும் சொல்லவில்லை. கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"நோ சார். நோபடி காட் ஹர்ட். வீ ஆர் வெரி சேஃப், சார்."

கடைசி வரி புத்தகத்தில் இல்லை. அவளாகச் சேர்த்தது.

மேனேஜர் போனைப் பைக்குள் போட்டார்.

"இந்தம்மா பேரு இன்னா?"

மேடம் சொன்னாள்.

"நாளைக்கு நீங்க முன்னால நின்னுக்கங்கம்மா."

அப்புறம் அவர் பார்வை கோட்டுப் பைக்கு இறங்கியது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் காதில் என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பு கலைந்தது. பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

சூப்பர்வைசர் ஒரு ஜோடி கையுறையைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போனான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பிரஸ் செக்ஷனில் அப்படி ஒன்றை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

நவநீதம் பல்லால் கடித்து உறையைப் பிரித்தாள். இடது கையை நுழைத்தாள். நாலு விரலும் நின்றன. ஆள்காட்டி விரல் பாதியில் துவண்டு தொங்கியது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"செக்கிங் மேஜையைக் கேக்க முடிஞ்சிருந்தா உனக்கும் சேர்த்துக் கேட்டுருப்பேன்டி," என்றாள் நவநீதம். "அவரு எடம் ஒண்ணுதான்னுட்டாரு இல்ல."

இவள் எழுந்து அடுத்த ஷெட்டுக்குப் போனாள். ஷூவுக்குள் அடிமெத்தையாக வைக்கிற ஸ்பாஞ்சின் வெட்டுக் கழிவு அங்கே கிடந்தது. ஒரு கீற்றை எடுத்து வந்தாள். சுருட்டினாள். கையுறையைக் கழற்றச் சொல்லி வாங்கி, பேனா முனையால் அதன் துவண்ட விரலுக்குள் அமுக்கினாள்.

நவநீதம் மறுபடி போட்டுக்கொண்டாள். விரல் நேராக நின்றது.

"மடக்கு," என்றாள் இவள்.

மடக்கினாள். நாலு விரலும் மடங்கின. அது மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

இவள் கையுறையைப் பிடுங்கி, ஸ்பாஞ்சைக் கொஞ்சம் கிள்ளி எறிந்துவிட்டு, மறுபடி திணித்தாள்.

"இப்ப மடக்கு."