மறித்து நின்ற மைவி

"என் கார லோங்காங்ல எறக்குனது யாருங்க?"

நான்தான். அந்த இடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் நிற்கவில்லை, அதனால் அவள் கேட்டிருக்கவே வேண்டாம். வெள்ளை மைவி, தண்ணீர் குடிக்கப் போன மாடு மாதிரி முன்சக்கரத்தைச் சாக்கடைக்குள் விட்டு நின்றது. நல்லவேளை, கேட்டவள் என்னை 'அண்ணே' என்று கூப்பிடவில்லை.

"நியூட்ரல்ல இருந்துச்சி. லேசா தள்ளிட்டு என் வண்டிய எடுத்துக்கலாம்னு…"

"லேசா தள்ளுனதா இது?"

சாலை சரிவானது என்பது தள்ளிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஈப்போவில் அடுத்தவர் காரை மறித்து நிறுத்துகிறவர்கள், கூப்பிட்டால் வந்து எடுப்பதற்காகக் கண்ணாடியோரம் போன் நம்பர் வைத்துவிட்டுப் போவார்கள். இவளும் வைப்பாள். சாயங்காலம் மூக்குக்கண்ணாடிக் கடையை அடைத்துவிட்டு வந்தால், என் காருக்குப் பின்னால் இவள் மைவி நிற்கும். நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போனை அணைத்துவிட்டுக் காதில் வைத்து, "ஹலோ" சொல்லிப் பழகியதோடு சரி. காருக்குள் உட்கார்ந்து காத்திருப்பேன். எங்கிருந்தோ வருவாள். "சாரி லா" என்பாள். "பரவால்ல" என்பேன். பல மாதமாக எங்கள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். தினேஸ்வரி என்ற பெயரே, எதிர்ச் சாப்பாட்டுக் கடை ஹாபிஸ் அண்ணன் கூப்பிட்டபோது என் காதில் விழுந்ததுதான்.

"நம்பர் வெச்சிருந்தேன்ல? கூப்புட்டா என்ன?"

"தொந்தரவா இருக்குமோன்னு…"

"லோங்காங்ல தள்ளுனா தொந்தரவு இல்லியா?"

ஹாபிஸ் அண்ணன் டீ ஆற்றிய குவளையோடு வந்து எட்டிப் பார்த்தார். "பரவால்ல தம்பி, இன்னிக்காவது ஒரு வேல செஞ்சீங்க. இருங்க, தூக்க ஆளு கூட்டிட்டு வாரேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். எதற்குச் சிரிக்கிறார் என்று புரியவில்லை. என்னைப் பார்த்து எல்லோரும் சிரிப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

"திங்கக்கெழமையிலேருந்து இங்க இருக்க மாட்டேன். முதலாளி சிலிம் ரிவர் கடைக்கு மாத்திட்டாரு" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. சாக்கடையில் கிடந்த காரை மறந்தே போனாள்.

"அதான் சொல்லாம ஓடப் பாத்தீங்களா?"

"இல்ல… ஆமா." இன்றைக்குக் கேட்காவிட்டால் இனி எங்கே போய்த் தேடுவது? நம்பர் மனப்பாடம்தான், கூப்பிடத்தான் தைரியம் இல்லை. "நீங்க இங்க எந்தக் கடையில வேல செய்யிறீங்க? சேலக் கடையா? லீவு நாள்ல வந்து பாக்கலாம்னு…"

"எதுக்கு?"

"உங்க கண்ணு… செக் பண்ண."

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. உங்களுக்குத்தான் செக் பண்ணணும்."

"வெளையாடாதீங்க. எந்தக் கடைன்னு நேராச் சொல்லுங்க."

அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த ரோட்டுல எனக்கு ஒரு வேலையும் இல்லலா. வேல, வீடு எல்லாமே கோப்பெங்லதான். தெனமும் அங்கேருந்து அரமணி நேரம் ஓட்டிட்டு வந்து, உங்க வண்டிய மறிச்சி நிறுத்திட்டு, ஹாபிஸ் அண்ணே கடைத் தூணுக்குப் பின்னால உக்காந்து, இன்னிக்காவது கூப்புட மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."