மூன்றாவது தூண்

"சார், யாரோ ஒருத்தர் நம்ம பாலத்துக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு போட்டோ எடுக்கறார். கேட்டா உங்க சம்பந்தின்னு சொல்றார்."

வாட்ச்மேன் போனை வைப்பதற்குள் இன்ஜினியர் செருப்பை மாட்டிவிட்டார்.

சம்பந்தி முந்தின நாள் சாயங்காலம்தான் ஊரிலிருந்து வந்திருந்தார். வருகிற வியாழக்கிழமை மேம்பாலத் திறப்பு விழா. அழைப்பிதழைக் கையில் கொடுத்ததும் அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. ஆகாதா பின்னே? அவரும் பாலம் கட்டுகிற இன்ஜினியர்தான். முக்கால் மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் பக்கத்து நகரத்தில் அவர் கட்டும் பாலம், மூன்று வருஷமாக மொட்டைத் தூண்களாகவே நிற்கிறது.

பெண் கொடுத்த நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் இந்தப் போட்டிதான்.

"எங்க ஊருக்கு ரெண்டாவது விமான நிலையம் வரப்போகுது சம்பந்தி."

"வரட்டும், வரட்டும். முதல் விமான நிலையத்துக்குப் போக ரோடு எப்ப வரும்?"

எல்லாம் சிரிப்பும் கேலியுமாகத்தான் போகும். பாலம் விஷயத்தில் மட்டும் இன்ஜினியர் கொஞ்சம் எல்லை தாண்டிவிட்டார். அந்த ஊர்த் தூண்களைப் படம் பிடித்து, 'காக்கா உட்கார நல்ல வசதி' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சம்பந்தி பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் அனுப்பினார்.

இப்போது அந்த மனிதர் மூன்றாவது தூணுக்கு அடியில், சட்டையெல்லாம் மண்ணாக, டார்ச்சும் கையுமாக நின்றார்.

"வாக்கிங் போறேன்னு சொல்லிட்டு இங்க என்ன பண்றீங்க?"

"உங்ககிட்டதான் வரலாம்னு இருந்தேன். கொஞ்சம் தனியா பேசலாமா சம்பந்தி?"

"என்ன தனியா? இங்கயே சொல்லுங்க!"

கைப்பிடிச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க பாலம் எழும்பலேன்னு எங்க பாலத்துல ஓட்டை தேட வந்தீங்களா? இந்தப் போட்டோ எல்லாம் யாருக்கு? பேப்பர்காரங்களுக்கா, உங்க மேயருக்கா?"

"கத்தாதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! வயித்தெரிச்சல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கட்டும்!"

சம்பந்தி போனைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தவர், ஒரு வாய் காபிகூடக் குடிக்காமல் பத்து மணி ரயிலைப் பிடித்துவிட்டார்.

மத்தியானம் மகள் போன் செய்தாள்.

"என்னப்பா நடந்தது? மாமா வந்ததிலேருந்து யார்கிட்டயும் பேசலை. ரூம்ல உட்கார்ந்து எதையோ எழுதறார், கிழிக்கறார், திரும்ப எழுதறார்."

"அதை உங்க மாமாகிட்டயே கேளு" என்று வெடுக்கென்று வைத்துவிட்டார். ஆனால், எழுதுகிறாராமே! யாருக்கு?

திங்கட்கிழமை காலை தலைமை இன்ஜினியர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் அச்செடுத்த ஒரு கடிதமும் சில படங்களும் இருந்தன.

"உட்காருங்க. உங்க சம்பந்தி மெயில் அனுப்பியிருக்கார். மூணாவது தூண்ல விரிசலாமே?"

இன்ஜினியர் படங்களை எடுக்கக் கை நீட்டுவதற்குள் தலைமை இன்ஜினியரே தொடர்ந்தார்.

"விடியற்காலையிலயே போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். உண்மைதான். அங்கயும் இதே கான்ட்ராக்டராம். இதே விரிசலாம். எட்டுத் தூணையும் இடிச்சுட்டு முதல்லேருந்து கட்டறாங்களாம். மூணு வருஷம் எதுக்கு ஆச்சுன்னு இப்பத்தான்யா புரியுது. நாம இங்க உட்கார்ந்துக்கிட்டு அவங்களைச் சோம்பேறிங்கன்னு சிரிச்சுட்டிருந்தோம்."

காக்காய்ப் படம் நினைவுக்கு வந்தது. இன்ஜினியர் தரையைப் பார்த்தார்.

திடீரென்று தலைமை இன்ஜினியர் எழுந்து கையை நீட்டினார்.

"ஆனா, உங்களைப் பாராட்டணும்."

"என்னையா?"

"கேளுங்க, அவர் எழுதியிருக்கிறதை. 'தங்கள் இன்ஜினியர் இந்த விரிசலைத் தாமே கண்டுபிடித்து, அந்த இடத்தில் பெயின்ட் பூசி அடையாளம் வைத்து, என்னை வரவழைத்துக் காட்டினார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் இந்தக் கருத்தை எழுதி அனுப்புகிறேன்.' தான் கட்டின பாலத்துல குறை இருக்குன்னு தானே சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? விழாவைத் தள்ளி வெச்சாச்சு. மேலயும் உங்களைப் பத்தி நல்லபடியா சொல்லியிருக்கேன்."

அத்தனை பேர் முன்னால் கத்தி விரட்டியவனுக்கு, உட்கார்ந்து, கிழித்துக் கிழித்து, இப்படி ஒரு கடிதம். பாராட்டிய கைக்குள்ளிருந்து இன்ஜினியர் தன் கையை உருவிக்கொண்டார்.

தலைமை இன்ஜினியர் ஒரு படத்தை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுதான் எனக்குப் பிடிபடலை. அடையாளம் வைக்கிறவங்க பளிச்சுன்னு சிவப்பு அடிப்பாங்க. நீங்க ஏன் தூணோட கலர்லயே அடிச்சிருக்கீங்க?"

வேறு பெயின்ட் கைவசம் இல்லை என்று சொன்னால் போதும். அதோடு முடிந்துவிடும். சம்பந்தி அவ்வளவு தூரம் வழி செய்து கொடுத்திருந்தார்.

இன்ஜினியர் நிமிரவில்லை.

"மறைக்கத்தான் சார் அடிச்சேன்."