தேடும் இடத்தில் இல்லை

"லைப்ரரியைக் காணேல்லையாம், சேர். திரும்பவும் அதையே சொல்லுது."

திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள் புஸ்பராணி. முதலாளி தங்கத்துரை அவளுடைய கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். யன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில், உரக்கப்பல் காலையிலிருந்து சும்மா நின்றது. எந்த அறையிலிருந்து எவ்வளவு இறக்கினால் கப்பல் சாயாது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது அவருடைய கம்பனி. அந்தக் கணக்கைப் போடுகிற புரோகிராம்தான் இன்றைக்குப் படுத்துவிட்டது.

"நேற்று ஓடினதுதானே, பிள்ளை?"

"ஓம் சேர். புரோகிராம் சீ மொழியில எழுதினது. கணக்கை மட்டும் அதுக்குள்ள இருக்கிற பைதன் எண்ட இன்னொரு மொழி பார்க்குது. பைதனைத் தனிய ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. உள்ளுக்கு வைச்சு ஓட்டினால்தான் தனக்கு வேண்டிய ஃபைலெல்லாம் இருக்கிற லைப்ரரியைத் தேடிக் களைச்சுப்போய் நிக்குது."

"அழிஞ்சு போச்சோ?"

"இல்லை, எங்கயோ இருக்கு. தேடுற இடம்தான் பிழை. எங்கெங்க தேட வேணுமெண்டு எழுதி வைச்சது சிவா அண்ணை."

தங்கத்துரை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே புரோகிராம் எழுதிய அந்தச் சிவகுருநாதனைச் சாம்பல்தீவுச் சந்தியில் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோய் இரண்டு கிழமைக்கு மேலாகிவிட்டது. அடுத்த நாளே அவனுடைய தாய் கனகம்மா இங்கே வந்து கும்பிட்டாள். "உங்களுக்குப் பெரிய இடங்களில ஆக்களைத் தெரியும். ஒரு வார்த்தை கதையுங்கோ ஐயா."

"எனக்கு ஏலாதம்மா. நானும் இந்த ஊரிலதான் சீவிக்க வேணும்" என்று அனுப்பிவிட்டார். அப்போதும் புஸ்பராணி இதே கதிரையில்தான் இருந்தாள்.

"கொழும்பில இருந்து ஒருத்தரைக் கூப்பிட்டால்?"

"அவர் பாஸ் எடுத்து, செக்பொயின்ற் எல்லாம் தாண்டி வரக் கப்பல் திரும்பிப் போயிடும், சேர்."

மத்தியானம் கப்பலிலிருந்து ஓராள் வந்தான். நாளைக்கும் இப்படியென்றால் வேறு கம்பனியைப் பார்ப்போம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனான். புஸ்பராணி சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவேயில்லை. தட்டுவதும் பார்ப்பதும் உதட்டைக் கடிப்பதுமாக இருந்தாள். தங்கத்துரைக்கே பாவமாக இருந்தது.

"என்னால ஏலாது, சேர்," என்றாள் கடைசியில். "அவர் வந்தால் அஞ்சு நிமிச வேலை."

தங்கத்துரை போனை எடுத்தார், திருப்பி வைத்தார். பிறகு, இந்த விசயத்துக்கு ஒருநாளும் எடுப்பதில்லை என்றிருந்த பெரிய இடத்து இலக்கத்தை அழுத்தினார். பணிவாகக் கதைத்தார். பொடியனின் பெயரைச் சொன்னார். கப்பலின் பெயரையும் சொன்னார். "அவன் இல்லாமல் வேலை நிக்குது."

மறுமுனை பொடியனின் பெயரை இன்னொருமுறை கேட்டது. "அடுத்த நாளே கேட்டிருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம். இனிக் கேட்டுப் பிரயோசனமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டது.

தங்கத்துரை போனை வைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

புஸ்பராணி அவருடைய முகத்தைப் பார்த்தாள். திரும்பி, எங்கே தேடுவதென்று சொல்கிற ஒரேயொரு வரியைத் தட்டினாள். காலையிலிருந்து அசையாத புரோகிராம் தடங்கலில்லாமல் ஓடி, கப்பலின் கணக்கு முழுவதையும் திரையில் கொட்டியது.

"காலமை இந்த வரியை அழிச்சது நான்தான், சேர்," என்றாள். "அவரை விடச் சொல்லிக் கேட்டு நீங்கள் ஒரு போன் எடுக்க வேணுமெண்டு."