மண்டபத்தில் ஒரு விசாரணை

தாம்பரத்தில் வேலை நிரந்தரம் கேட்டு அமைதியாக உட்கார்ந்திருந்த அங்கன்வாடிப் பெண்களை வேனில் அள்ளி வந்து, கல்யாண மண்டபத்தில் அடைத்திருந்தார்கள். ஏட்டு ரங்கன் குனிந்த தலை நிமிராமல் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார்.

ரேணுகாம்பாளின் முறை வந்தது.

"சும்மா குந்திகினு இருந்தவங்கள எந்தச் சட்டத்துல சார் புடிச்சீங்க?"

இன்ஸ்பெக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னம்மா, வாய் நீளுது? பொண்டாட்டிய அடக்கத் தெரியாத அந்த ஆம்பள யாரு? புருஷன் பேரச் சொல்லு!"

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ரங்கன் இன்னும் தாழக் குனிந்தார்.

"சொல்லலேன்னா ரிமாண்டுதான்!"

"கட்டினவர் பேர வாயால சொல்ற வழக்கம் இல்ல சார்" என்றாள் நிதானமாக. "ஏட்டய்யா நெஞ்சுல பேட்ஜு கீதே, அதப் படிச்சுக்கோங்க."