வெயிலுக்குப் போட்ட துண்டு

காளியம்மாள் மதகடிக்கு வந்து சேர்ந்தபோது அவள் துண்டு போட்ட இடத்தில் வேறு யாருடைய நெல்லோ காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு நிமிஷம் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இடம் மாறி வந்துவிட்டோமோ என்றுகூடப் பார்த்தாள். மதகு அதே மதகு, வளைவு அதே வளைவு.

திருக்காட்டுப்பள்ளி ரோட்டில் இந்த ஒரு துண்டு இடத்தில்தான் மர நிழல் கிடையாது. காலையில் விழுகிற வெயில் பொழுது சாயும் வரை அசையாது. அதனால் நேற்று இருட்டுவதற்கு முன்பே வந்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, நடுவில் துண்டை விரித்து, அது பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் ஏற்றிவிட்டுப் போயிருந்தாள்.

இதற்கெல்லாம் முறை உண்டு. கல் வைத்தால் வைத்ததுதான், யாரும் எடுக்கக் கூடாது. அடுத்தவர் நெல்லில் கால் வைக்கக் கூடாது, காலால் கிண்டிவிடுவது அந்தந்த வீட்டு ஆட்களின் வேலை. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் கலெக்டர் உத்தரவை மீறுகிறவர்கள்கூட இதை மீறமாட்டார்கள்.

அதிலும் அது சாதாரணத் துண்டா? வெள்ளையில் நீலக் கோடு போட்டு, ஜமுக்காளம் கனத்துக்கு இருக்கும். சொகுசுக் கப்பலில் ரூம் ஒழுங்கு பண்ணுகிற வேலையில் இருக்கும் மகன் யுவன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. கொடுத்தார்களா, எடுத்தானா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நேற்று அவள் அதைக் கையில் எடுத்தபோது யுவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கப்பல்லயும் இதே கூத்துதாம்மா. வெயில் காயற நாற்காலியில துண்டைப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிருவாங்க. அப்புறம் வந்து, நீ நெல்லத் திருப்பிப் போடுற மாதிரி திரும்பித் திரும்பிப் படுப்பாங்க. அரை மணி நேரம் ஆளக் காணோம்னா துண்டை எடுத்துட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்."

"அது கப்பல். இது ரோடு" என்று முடித்துவிட்டாள்.

இப்போது ரோடும் கப்பலாகிவிட்டது.

அவளுடைய நெல் மூன்று நாளாகத் தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிக் கிடக்கிறது. காலையில் கையை விட்டுப் பார்த்தாள், உள்ளே சுட்டது. இன்று காயாவிட்டால் நாளைக்கு முளைத்துவிடும். கொள்முதல் நிலையத்தில் ஈர நெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

நெல்லுக்கு நடுவில் ஒரு பெண், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு முதுகு காட்டி நின்றாள். திரும்பினாள். தர்ஷினி.

ரெத்தினத்தின் மகளேதான். வயல் மடைத் தகராறில் ரெத்தினம் வீட்டோடு பேச்சு நின்று இரண்டு வருஷமாகிறது. போன வாரம் அவன் கால் முறிந்து படுத்தபோதுகூடக் காளியம்மாள் போய்ப் பார்க்கவில்லை. மனசு உறுத்தியது, ஆனாலும் போகவில்லை.

பாவம் பார்த்து மனசு உறுத்தியதற்கு இதுதான் பலன் என்று இப்போது தோன்றியது. முந்தானையை இழுத்துச் செருகினாள். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வரிசை கட்டி நாக்கு நுனிக்கு வந்தது.

"என் துண்டு எங்கடி?"

தர்ஷினி மதகுக் கட்டையைக் கை காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதகுக் கட்டையின் மேல் துண்டு இருந்தது. பறக்காமல் அதன் மேல் ஏற்றிய கல்லைக் காணோம். துண்டு தானாகவே நின்றது. கழுத்தை வளைத்து, இறக்கையை ஒடுக்கிக்கொண்டு, ஒரு வெள்ளை அன்னமாக உட்கார்ந்திருந்தது.

காளியம்மாள் அதையே பார்த்தாள்.

யுவன் லீவில் வந்த அன்றைக்கு அவள் கட்டிலில் இதே துண்டை யானையாக மடித்து வைத்திருந்தான். தும்பிக்கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். எல்லா ரூமுக்கும் யானை, குரங்குதான் வைப்போம், புதுசாகக் கல்யாணமானவர்கள் ரூமுக்கு மட்டும் அன்னம் என்று அவன் சொன்னான். நீ எப்போடா நம் வீட்டில் அன்னம் வைக்கப்போகிறாய் என்று அவளும் விடாமல் கேட்டாள். திருவாரூர்ப் பெண், கும்பகோணத்துப் பெண் என்று எத்தனை போட்டோ காட்டியிருப்பாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "பார்க்கலாம்மா."

இந்த ஜில்லாவிலேயே துண்டை அன்னமாக மடிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான். எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்காத அவன் இன்று விடியும்போதே பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அப்போதுதான் அவள் வளைவுப் பக்கம் பார்த்தாள். பாதி இடம் காலியாக இருந்தது. அந்தப் பாதியைச் சுற்றி அவளுடைய செங்கல் நாலும் புதிதாக வைக்கப்பட்டிருந்தன. தூரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. அதில் தங்கள் மூட்டைகள் வருவதும், அவற்றின் மேல் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதும் அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

நாக்கு நுனிக்கு வந்த வசவையெல்லாம் விழுங்குவது லேசான காரியம் இல்லை. காளியம்மாள் ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

தர்ஷினி இன்னும் தலை நிமிரவில்லை. நெல்லை ஒரே இடத்தில் மேடாகக் குவித்து வைத்திருந்தாள். அப்பன் படுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகத் தள்ளியிருக்கிறாள். விடியற்காலையிலிருந்து ஒற்றை ஆளாகவும் இல்லைதான்.

"இப்புடிக் குமிச்சு வச்சா எப்பக் காயிறது?" என்றாள் காளியம்மாள்.

செருப்பைக் கழற்றி மதகோரம் விட்டாள். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரெத்தினம் வீட்டு நெல்லில் காலை வைத்துக் கிண்டத் தொடங்கினாள்.