மாமாவின் சிங்களம்

"ஒரு சொல்லுச் சொன்னவவோ அந்த டொக்டர்? தமிழ்ப் பிள்ளை எண்டபடியால்தானே இந்த அலட்சியம்?"

கிளினிக் வாசலில் சோமசேகரம் கத்தியது துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற அவருடைய சகோதரியின் மகள் ஜெயரூபி தடுக்கவில்லை. மாமா சொல்வது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றினார்கள், பிழைத்தாள். போன வருடம் தனஞ்சயனைக் கலியாணமும் முடித்தாள். பிள்ளை தங்கவில்லையே என்று வேறொரு இடத்தில் சோதித்துப் பார்த்தால், அந்த மருந்தே கருமுட்டைகளை அழித்துவிட்டதாம்.

"மருந்து ஏத்த முன்னம் முட்டையை எடுத்து உறைய வைச்சிருக்கலாமே. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?" என்று கேட்டார்கள் அங்கே.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மருந்து தந்த டொக்டரிடமே நேரில் கேட்டுவிடத்தான் வந்திருக்கிறாள். அவளுக்குச் சிங்களம் தெரியாது. அன்றைக்குப் போலவே இன்றைக்கும் மாமாதான் துணை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த மனிதர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

உள்ளே போனதும் மாமா சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். டொக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜெயரூபியின் பக்கம் கதிரையைத் திருப்பினார்.

"தங்கச்சி, நான் உங்களோடு பேசலாமா?"

எழுத்துக்கூட்டி வாசிப்பது போல வந்தாலும், தமிழ்தான். மாமாவின் முகம் செத்துப் போனது.

"நான் அன்றைக்கே கேட்டேன். முட்டைகளை எடுத்து வைப்போமா என்று கேட்டேன். மாமா உங்களிடம் தமிழில் ஏதோ சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். அவளுக்கு வேண்டாமாம் என்று மாமா எனக்குச் சொன்னார்."

ஜெயரூபிக்கு அந்தத் தலையாட்டல் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு டொக்டர் நெடுநேரம் கதைத்தார். மாமா செருமிக்கொண்டு, "தலைமயிர் கொட்டுமாம் பிள்ளை. பிறகு வளருமாம். சரிதானே?" என்றார். மயிர்தானே, போனால் போகுது என்று அவளும் சிரித்துத் தலையாட்டினாள்.

"மாமா, டொக்டர் கேட்டது இதையோ?"

 டொக்டர் சொல்வதையும் தன் வாயால்தானே இவளுக்குச் சொல்லப்போகிறோம் என்ற தைரியத்தில் வந்த மனிதர் அவர்.

"கலியாணம் முடிக்காத பிள்ளையிட்டத் தாய்மாமன் நான் அதுகளை எப்பிடிக் கேக்கிறது? எனக்கு வெக்கமாப் போச்சு. நீ உயிர் தப்பினாக் காணும் எண்டு நினைச்சன்."

ஜெயரூபியால் அவரைப் பார்க்க ஏலவில்லை. அழுகைகூட வரவில்லை. வாசலில் தானும் சேர்ந்து இந்த டொக்டரை மனதுக்குள் திட்டியதை நினைக்க உடம்பு கூசியது.

"டொக்டர், நீங்கள் எப்ப தமிழ் படிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

டொக்டர் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்றைக்கு நீங்கள் சிரித்துக்கொண்டு தலையாட்டினீர்கள், தங்கச்சி. அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தது, ஆனால் உங்களிடம் கேட்க என்னிடம் தமிழ் இருக்கவில்லை. அடுத்த கிழமையே படிக்கத் தொடங்கினேன்."